திறந்த மடைக்குப் பூட்டு

"அமீனாம்மா, விடுதலைக்கு இவ்வளவு செங்குத்தாவா படி வைக்கிறது? முட்டி வலிக்காரனுக்கெல்லாம் விடுதலை கிடையாதா?"

பாதி மாடிப்படியில் நின்று கேட்டார் வீரையன்.

"பேசுற மூச்சைப் படிக்கு வெச்சுக்குங்க கண்டக்டரே," என்றாள் நூர்ஜஹான், திரும்பிப் பார்க்காமல்.

நூர்ஜஹான் இருபத்தாறு வருடம் கோர்ட்டில் அமீனா வேலை பார்த்தவள். வீடு வீடாகப் போய் சம்மன் கொடுக்கிற வேலை. உள்ளே இருந்துகொண்டே 'இல்லைன்னு சொல்லு' என்கிற குரல்களைக் கேட்டுக் கேட்டு, எந்த வீட்டில் எவன் எந்தக் கதவுக்குப் பின்னால் நிற்கிறான் என்று வாசல் செருப்பைப் பார்த்தே சொல்லிவிடுவாள். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கண்ணை வைத்தே துப்பறிகிறாள். வீரையன் மினி பஸ் கண்டக்டராக இருந்து ஓய்ந்தவர். இப்போது அவளுக்கு வண்டி ஓட்டுகிறார், வாயும் ஓட்டுகிறார்.

மன்னார்குடித் தெப்பக்குளத்துக்கு எதிர் மாடியில் அந்தச் சங்கம். பெயர் 'திறந்த மடை'. மென்பொருள் யாருக்கும் சொந்தமாக இருக்கக்கூடாது, எழுதுவதை எல்லாருக்கும் திறந்து வைக்கவேண்டும், அதுதான் விடுதலை என்று கூட்டம் போடுகிறவர்கள். ஆற்றுத் தண்ணீர் எந்த வாய்க்காலுக்கு எந்தத் தேதியில் முறை வருகிறது என்று கடைமடைக்காரனுக்குச் சொல்கிற ஒரு செயலியைச் செய்திருந்தார்கள். நல்ல காரியம்தான். வெயிலில் மடையோரம் நின்று தேதி எழுதி அனுப்பியது முப்பது பேர். மேடையில் நின்று பொன்னாடை வாங்கியது ஒருத்தர்.

உள்ளே சுவரில் பெரிய எழுத்தில் 'அறிவுக்குப் பூட்டு இல்லை' என்று எழுதியிருந்தது. அதற்கு நேர் கீழே செருப்பு அலமாரியில் ஒரு பூட்டு தொங்கியது.

பொன்னாடை வாங்கிய ஹரிஹரசுப்ரமணியன் நாற்காலியைக் காட்டினார். பெங்களூரில் சம்பாதித்து முடித்துவிட்டு, ஊரைத் திருத்த வந்திருப்பவர். பக்கத்தில் செயலாளர் ஜெக்கரியா, கல்லூரி வாத்தியார், நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"மணி ரெண்டேகால் மேடம்," என்றார் ஹரி. "அஞ்சு மணிக்குக் கடிதம் போயிடும். ஒண்ணு சைபர் போலீஸுக்கு. ஒண்ணு விஜயலட்சுமி வேலை பார்க்கிற கூட்டுறவுச் சங்கத் தலைவருக்கு. எங்க குழுவுல இருந்துக்கிட்டே எங்களோட ஒன்பது வருஷப் பதிவை முடக்கிட்டாங்கன்னு. நீங்க அவங்களுக்காக வந்திருக்கீங்க. வந்தது வரட்டும், காபி குடிச்சிட்டுப் போங்க."

"காபி இருக்கட்டும் சார். என்ன முடங்குச்சு, எப்ப முடங்குச்சு, அதைச் சொல்லுங்க."

"ஆடிப்பெருக்கு அன்னிக்கு. எங்க குழு ஆரம்பிச்ச நாள். இதே ஹாலுல விழா. பதினொண்ணேகாலுக்குக் குழு பேசுற இடமே திடீர்னு பூட்டிக்கிச்சு. இருநூத்து நாப்பது பேர் வெளியில நிக்கிறோம். இன்னியோட பதினாலு நாள்."

"எங்க பேசுவீங்க?"

"சாட்வெல்னு ஒரு செயலி."

"நீங்க எழுதினதா?"

"இல்ல, அது அமெரிக்கக் கம்பெனியோடது."

"நீங்க எழுதுற புரோகிராம் எல்லாம் எங்க இருக்கு?"

"அது இன்னொரு கம்பெனி தளத்துல."

"கூட்டம்?"

"வீடியோவுல. அது மூணாவது கம்பெனி."

"உறுப்பினர் பட்டியல்?"

ஹரி தொண்டையைச் செருமினார். "அது நாலாவது."

"உங்களோடதுன்னு என்னதான் சார் இருக்கு?"

"கொள்கை, மேடம்."

"கைக்குழந்தை மாதிரி," என்றார் வீரையன். "டிக்கெட் வேணாம், மடியிலேயே வெச்சுக்கலாம்."

ஹரிக்குக் காது சிவந்தது. "உங்களுக்குப் புரியாது பெரியவரே. மக்கள் எங்க இருக்காங்களோ அங்கதான் நாமளும் இருக்கணும்."

"சரிதான் சார். டாஸ்மாக்லயும் கூட்டம் நிறையத்தான் இருக்கு."

நூர்ஜஹான் கையை உயர்த்தினாள். வீரையன் வாயை மூடினார். அது ஒரு நிமிடத்துக்குத்தான் தாங்கும் என்று அவளுக்கே தெரியும்.

"விஜயலட்சுமி மேல என்ன சாட்சி?"

ஹரி விரலை மடக்கினார். "ஒண்ணு, சாட்வெல் கணக்கு அவங்க மெயில்லதான் பதிவாகியிருக்கு."

"அது எப்படி? தலைவர் நீங்க."

"ஆரம்பத்துல ஒரு மெயில் கேட்டான். நாங்க சொந்த மெயிலைக் குடுத்தா தனியுரிமை போயிடும்னு யாரும் குடுக்கல. அவங்க குடுத்தாங்க."

"அவங்களுக்குத் தனியுரிமை கிடையாதா?"

இதற்கு ஜெக்கரியா இன்னொரு நகத்தைக் கடித்தார்.

"ரெண்டு," என்றார் ஹரி அவசரமாக. "சித்திரை மாசக் கூட்டத்துல பெரிய சண்டை போட்டாங்க. சொந்தமா ஒரு மெஷின் வாங்கிக் குழுவை அங்க மாத்தணுமாம். அடுத்தவன் களத்துல நெல்லைக் கொட்டிட்டு விடுதலை பேசுறோமாம். 'ஒருநாள் கதவைச் சாத்துவான், அன்னிக்குத் தெரியும்'னு எல்லார் முன்னாடியும் மிரட்டினாங்க."

"என்ன சொன்னாங்க? சாத்துவேன்னா, சாத்துவான்னா?"

"சாத்துவான்னு."

"அப்ப அது அவங்க இல்ல சார், வேற எவனோ. பொம்பள தன்னைச் சொல்லிக்கிட்டா அப்படி முடியாது. தமிழ் மென்பொருள் பண்றீங்க, விகுதி தெரியலையே?"

ஹரி மூன்றாவது விரலை மடக்கும்போது கொஞ்சம் வேகம் குறைந்திருந்தது. "மூணு. பூட்டின அன்னிக்கு ஏதாவது மெயில் வந்துச்சான்னு கேட்டோம். ஒண்ணு வந்துச்சு, அழிச்சிட்டேன், அது வேற விஷயம்னாங்க. என்ன விஷயம்னு எத்தனை தடவை கேட்டும் வாயைத் திறக்கல. குற்றம் பண்ணாதவங்க ஏன் மறைக்கணும்?"

அது கனமான சாட்சிதான். நூர்ஜஹான் அதை மறுக்கவில்லை. போலீஸுக்குப் போகவிருந்த காகிதக் கட்டை எடுத்துப் புரட்டினாள். கடைசிப் பக்கத்தில் ஒரு படம். பூட்டு விழுவதற்கு முன்னால் சாட்வெல் திரையைப் பிடித்தது. மேலே மணி 11:04. குழுவின் பெயரைச் சுற்றிச் சிவப்பும் நீலமுமாகப் பலூன்கள்.

"இந்தப் பலூனை யார் வரைஞ்சது?"

"வரையல மேடம்," என்றார் ஜெக்கரியா. அவர் வாயைத் திறந்தது அப்போதுதான். "யாருக்காவது பொறந்தநாள்னா சாட்வெல்லே பறக்கவிடும். அன்னிக்குக் கைதட்டலான கைதட்டல்."

"கணக்கோட கடவுச்சொல் யார் யார்கிட்ட இருக்கு?"

"எங்க ரெண்டு பேர்கிட்ட மட்டும். இப்ப போட்டாலும் 'விவரம் மெயிலில் அனுப்பப்பட்டுள்ளது'ன்னுதான் வருது."

நூர்ஜஹான் எழுந்தாள். "அஞ்சு மணி வரைக்கும் கடிதம் போகாது. வாக்கு?"

"அஞ்சு மணி," என்றார் ஹரி, கைக்கடிகாரத்தைத் தட்டிக்காட்டி.

வண்டி தெற்கே போனது. பத்து கிலோமீட்டர் தாண்டி சேந்தங்கரை. வாய்க்கால் அங்கே வருவதற்குள் மெலிந்து போயிருக்கும். எல்லாரும் குடித்த மிச்சம் வருகிற ஊர்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் விஜயலட்சுமிக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் கம்ப்யூட்டர் வேலை இல்லை. அதனால் வயலில் வேலை. சம்பா நாற்றங்காலுக்கு விதை தெளித்துவிட்டு, முழங்கால் சேற்றை வாய்க்காலில் கழுவிக்கொண்டிருந்தாள். முப்பத்தெட்டு வயது. ஆறு நாள் தட்டச்சு, ஏழாவது நாள் சேறு. அவளுக்கு ஓய்வு என்றால் நின்றுகொண்டு தண்ணீர் குடிப்பது.

"கடிதம் போயிடுச்சாக்கா?"

"இன்னும் இல்ல. நீ வாயைத் திறந்தா போகாது."

"நான் தற்காலிகம்க்கா. பத்து வருஷமாத் தற்காலிகம். ஒரு மொட்டைக் கடுதாசி வந்தாலே நாளைலேர்ந்து வராதேன்னுருவாங்க. இது லெட்டர்பேடுல வருது." சேற்றைக் கழுவுவதை அவள் நிறுத்தவில்லை. "வீட்டுக்காரருக்கு மஸ்கட்ல வேலை முடிஞ்சு போச்சு. அடுத்த மாசம் திரும்பறார். இந்த வேலையும் போனா..."

"அந்த மெயில்ல என்ன இருந்துச்சு?"

அவள் வீரையனைப் பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

நூர்ஜஹானுக்கு அது போதும். "கண்டக்டரே, வண்டியில காத்து இருக்கான்னு பாருங்க."

"இப்பதானே பார்த்தேன்."

"மறுபடி பாருங்க."

"பின்சக்கரத்தைக் கால்மணி நேரம் பார்க்கவா, அரைமணி நேரம் பார்க்கவா?" என்று கேட்டுக்கொண்டே அவர் ரோட்டுப் பக்கம் நடந்தார். வாய் இருந்ததே தவிர, மனுஷனுக்கு விஷயம் தெரியும்.

அவர் தூரம் போனபிறகு விஜயலட்சுமி சொன்னாள். சொன்னது வாய்க்கால் தண்ணீரிடம்.

"ஆறு வருஷத்துக்கு முந்தி தஞ்சாவூர்ல ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம்க்கா. பிள்ளை வேணும்னு. படிவத்துல மெயில் கேட்டாங்க, குடுத்தேன். நாலு தடவை போயிட்டு நிறுத்திட்டோம். ஆனா மெயில் நிக்கல. உங்க குழந்தைக்குச் சட்டை, உங்க குழந்தைக்குப் பால் மாவு, உங்க குழந்தைக்கு ஸ்கூலு. எவன்கிட்ட என் பேரை வித்தாங்களோ. 'சைல்டு'ன்னு தலைப்புல பார்த்தாப் போதும், திறக்காம அழிச்சிருவேன். அன்னிக்கு வந்ததும் அப்படித்தான். யார் அனுப்பினதுன்னுகூடப் பார்க்கல. இதை அத்தனை ஆம்பளைங்க நடுவுல நின்னு சொல்லணுமா நான்?"

"வேணாம்," என்றாள் நூர்ஜஹான். "போனைக் குடு."

"அழிச்சிட்டேனே."

"சம்மனைக் கிழிச்சு எறிஞ்சா, கொடுத்தது இல்லைன்னு ஆயிடுமா? அழிச்சதெல்லாம் உள்ளேயே ஒரு குப்பைத்தொட்டியில முப்பது நாள் கிடக்கும். இன்னிக்குப் பதினாலாவது நாள்தான்."

குப்பைத்தொட்டியைத் திறந்தாள். பால் மாவு, தொட்டில், பொம்மைக் கார், மறுபடியும் பால் மாவு. ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனாள். ஆடிப்பெருக்கு. மணி 11:15. அனுப்பியது சாட்வெல்.

ஆங்கிலத்தை விரல் வைத்து மெதுவாகப் படித்தாள். பாதியில் நின்று மேலேயிருந்து மறுபடி படித்தாள். பிறகு வரப்பிலேயே உட்கார்ந்து சிரித்தாள். கோர்ட்டில் இருபத்தாறு வருடம் அடக்கி வைத்திருந்த சிரிப்பு.

"என்னக்கா?"

"கோவிச்சுக்காதே விஜயா. உனக்கு ஒன்பது வயசுல ஒரு பிள்ளை இருக்காம். வா, மன்னார்குடிக்குப் போய்ப் பார்ப்போம்."

நாலரை மணிக்கு அதே மாடி. ஹரி கம்ப்யூட்டரில் கடிதத்தைத் திறந்து, அனுப்பும் பொத்தானுக்கு மேலேயே அம்புக்குறியை நிறுத்தி வைத்திருந்தார். விஜயலட்சுமி வாசலோரம் நின்றாள். அவளுக்கு யாரும் நாற்காலி போடவில்லை. வீரையன் தன் நாற்காலியைத் தூக்கிப்போய்ப் போட்டார்.

"சார்," என்றாள் நூர்ஜஹான், "ஆடிப்பெருக்கு அன்னிக்கு இந்த ஹாலுல யாருக்குப் பொறந்தநாள்?"

"யாருக்கும் இல்ல. குழுவுக்கு."

"சாட்வெல்லுக்குக் குழுன்னா தெரியாது, ஆளுதான் தெரியும். ஒன்பது வருஷமா அந்தக் கணக்குல இருந்தது விஜயா பொறந்த தேதி. அவ தை மாசத்துல பொறந்தவ. தைப் பிறப்புக்கு ஆடியில பலூன் பறக்குமா? அன்னிக்குக் காலையில யாரோ தேதியை மாத்தியிருக்காங்க."

ஜெக்கரியா மெதுவாகத் திரும்பி ஹரியைப் பார்த்தார்.

"அது... ஒரு சந்தோஷத்துக்கு," என்றார் ஹரி. "குழு பொறந்த தேதியைப் போட்டேன். விழாவுல ஸ்கிரீன்ல பலூன் வந்தா நல்லா இருக்கும்னு. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

நூர்ஜஹான் போனை நீட்டினாள். "ஜெக்கரியா சார், வாத்தியார் நீங்க, தமிழ்ல படிங்க."

ஜெக்கரியா படித்தார். "அன்புள்ள பெற்றோருக்கு. உங்கள் குழந்தை 'திறந்த மடை'க்கு ஒன்பது வயது என்று அறிகிறோம். பதிமூன்று வயதுக்குக் குறைந்தவர்கள் பெற்றோர் சம்மதம் இல்லாமல் எங்கள் சேவையைப் பயன்படுத்த முடியாது. பதினான்கு நாட்களுக்குள் சம்மதம் தராவிட்டால் உங்கள் குழந்தையின் எல்லாப் பதிவுகளும்..." அவர் குரல் இறங்கியது. "இன்னிக்கு மாலை ஆறு மணிக்கு அழிக்கப்படும்."

"ஒன்பது வயசுன்னா அரை டிக்கெட்," என்றார் வீரையன். "தனியா ஏத்தமாட்டோம். கூட ஆள் வரணும்."

பதினாலு நாள் ஒரு பெண்ணைக் குற்றவாளி என்று சொன்னவர், ஜெக்கரியாவின் தோளுக்கு மேலாக எட்டிப் போனைப் பார்த்தார். அமெரிக்கக் கம்பெனிக்கு எதிராக ஒன்பது வருடம் முழங்கியவர்கள், அந்தக் கம்பெனியின் இரண்டு பலூனுக்கு ஆசைப்பட்டு, ஒன்பது வயதுப் பையனாகி, அம்மாவைத் தேடி நின்றார்கள்.

"தேதியைத் திரும்ப மாத்திடலாமே," என்றார் ஹரி.

"ஒருதடவை மாத்தினா மாத்தினதுதானாம். கீழேயே போட்டிருக்கு," என்றார் ஜெக்கரியா.

ஹரி எழுந்து வாசலுக்கு வந்தார். "விஜயலட்சுமி மேடம்..."

'மேடம்' இன்றைக்குத்தான் முளைத்தது.

"மெயில் உங்களோடது. நீங்கதான் சம்மதம் குடுக்கமுடியும். அம்மான்னு ஒரு இடத்துல அமுக்கினாப் போதும்."

"அமுக்கினா என்ன ஆகும்னு படிங்க சார்," என்றாள் நூர்ஜஹான்.

ஜெக்கரியா படித்தார். குழந்தை மாலை நாலு மணியிலிருந்து ஆறு மணி வரைக்கும்தான் பேசலாம். தெரியாதவர்களோடு பேசக்கூடாது. குழந்தை எழுதுவதை எல்லாம் பெற்றோர் பார்க்கலாம். பதிமூன்று வயது ஆகும்வரை.

"நாலு வருஷம்," என்றார் வீரையன்.

"பரவாயில்ல," என்றார் ஹரி. உண்மையாகவே அப்படித்தான் சொன்னார். "நாலுலேர்ந்து ஆறு வரைக்கும் சமாளிச்சுக்கலாம். வேற இடத்துக்கு மாறினா பாதிப் பேர் வரமாட்டாங்க. எல்லாரும் அங்கதான் இருக்காங்க."

நூர்ஜஹான் அவரைப் பார்த்த பார்வை, ஜப்திக்குப் போன வீட்டில் கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருந்த மிராசுதாரைப் பார்த்த பார்வை.

விஜயலட்சுமி போனை வாங்கினாள். பதற்றம் இல்லாமல் ஒவ்வொரு வரியாகப் படித்தாள். மூன்று பொத்தான்கள் இருந்தன. நடுவில் இருந்ததை அமுக்கினாள்: குழந்தையின் பதிவுகளை இறக்கிக்கொள்ளவும்.

"ஜெக்கரியா சார், உங்க லேப்டாப்பைக் குடுங்க. பென்டிரைவ் என்கிட்ட இருக்கு."

ஒன்பது வருடம் இறங்க முக்கால் மணி நேரம் ஆனது. எந்த வாய்க்காலில் எந்தத் தேதிக்குத் தண்ணீர், எந்த மதகு உடைந்தது, எந்த ஊருக்கு முறை தவறியது, எல்லாம். ஜெக்கரியா இங்கொன்றும் அங்கொன்றுமாகத் திறந்து பார்த்து, "சரியா இருக்கும்மா," என்றார். அவர் 'அம்மா' என்றது வேறு மாதிரி இருந்தது.

மணி ஐந்தரை. ஹரி அருகில் வந்தார். "அப்ப சம்மதத்தை..."

மூன்றாவது பொத்தானில் எழுதியிருந்தது: இது என் குழந்தை இல்லை, கணக்கை மூடிவிடவும்.

விஜயலட்சுமி அதை அமுக்கினாள்.

ஹரி குனிந்து திரையைப் பார்த்தார். "என்ன பண்ணிட்டீங்க!"

"உண்மையைச் சொன்னேன் சார். நாளைக்குப் புதுசா ஒரு இடம் போடுவோம். மெஷின் நம்மளோடது, சாவி நம்மகிட்ட. வர்றவங்க வரட்டும். பதிவு வேணுங்கிறவங்க யாரா இருந்தாலும் என்கிட்ட வாங்கிக்கலாம். உங்களுக்கும் உண்டு."

"கடிதம் ஒண்ணு பாக்கி இருக்கு," என்றாள் நூர்ஜஹான். "கூட்டுறவுச் சங்கத் தலைவருக்கு. எங்க தப்பு, அந்தம்மா மேல ஒரு குத்தமும் இல்லை, மன்னிப்புக் கேட்டுக்கறோம்னு. இப்பவே."

ஹரி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். கடிதம் எழுதுகிற பக்கம் ஐந்தாவது கம்பெனியுடையது. அது மறுபடி உள்ளே நுழையக் கடவுச்சொல் கேட்டது. வீரையன் ஒரு வெள்ளைத் தாளை மேஜையில் வைத்து, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றிக் கொடுத்தார்.

"கையால எழுதுங்க தலைவரே. இதுக்கு எந்தக் கம்பெனியும் வயசு கேக்காது."

ஹரி எழுதினார். கை பழகாத எழுத்து கோணிக்கோணிப் போனது. விஜயலட்சுமி அவர் தோளுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்காவது வரியில் அவரை நிறுத்தினாள்.

"'மண்ணிப்பு' இல்லைங்க சார். மூணு சுழி வராது, ரெண்டு சுழி."

அவர் அந்த ஒரு சொல்லை மட்டும் திருத்தப் போனார்.

"அடிச்சுத் திருத்தினா எங்க கூட்டுறவுத் தலைவர் வாங்கமாட்டார்," என்றாள் அவள். "வேற தாள் எடுத்து முதல்லேர்ந்து எழுதுங்க."